மிட்டாதார் வீட்டு மஞ்சள் விளக்கு

வீட்டில் ஒருவருக்குப் போட்ட ஊசி உடம்பில் பிடிக்கவில்லை என்று நர்ஸ் ரெஜினா சொன்னபோது வேதாசலம் கேட்டுக்கு உள்ளே நின்றிருந்தார். அவள் வெளியே நின்றிருந்தாள். வந்தவர்களை வாசலில் நிறுத்திப் பேசுவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. ஆனால் காய்ச்சல் பரவிய இந்த மூன்று ஆண்டுகளில் வழக்கமில்லாத எத்தனையோ வழக்கமாகிவிட்டன.

“யாருக்குன்னா, அய்யா...” என்று அவள் தொடங்கினாள்.

அவர் வலது கையைச் சற்றே உயர்த்தினார். அவருடைய பாட்டனார் ஏற்காட்டுச் சரிவில் மிட்டாதாராக, ஜமீன்தாரைப் போல நிலவரி வாங்குபவராக, இருந்த காலத்தில் அந்தக் கை உயர்ந்தால் ஒரு தோட்டமே பேச்சை நிறுத்தியதாகச் சொல்வார்கள். மிட்டா போய் ஒரு நூற்றாண்டு நெருங்கிவிட்டது. கை மட்டும் பரம்பரையாக வந்திருந்தது.

“புரியுது. மேல சொல்ல வேண்டாம்.”

வீட்டுப் பெண்ணின் உடம்பைப் பற்றி நடுத்தெருவில் பேசுவதை அவர் விரும்பவில்லை. தவிர, சொல்ல என்ன இருக்கிறது? வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒன்று அவர், இன்னொன்று அவர் மனைவி குமுதவல்லி. எழுபத்தாறு வயதிலும் நிமிர்ந்து நடப்பவர் வேதாசலம். கூடப் பிறந்த தம்பி போன சேதி வந்தபோதுகூடக் கண் கலங்காமல், ஆக வேண்டியதைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனவர். ஒன்றும் அவரை அசைக்கவில்லை. அந்த அசையாமைக்குப் பெயர் திடம் என்று அவர் நினைத்திருந்தார்.

“என்ன செய்யணும், அதைச் சொல்லும்மா.”

ரெஜினா அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

“செய்யறதுக்குன்னு பெருசா ஒண்ணுமில்லீங்க. மருந்து எல்லாருக்கும் ஒரே மருந்துதான். ஆனா ஒடம்பு அதைக் கை நீட்டி வாங்கிக்கணும். நாளைக்கு ஏதோ ஒண்ணு இருக்குன்னு காத்துட்டிருக்கிற ஒடம்பு வாங்கிக்குது. எதுக்கும் காத்திருக்காத ஒடம்பு வாங்கிக்க மாட்டேங்குது. ஏன்னு டாக்டருங்களுக்கே பாதிதான் தெரியும்.”

“மனசு விட்டுப்போனவங்களுக்குப் பிடிக்காது.”

“அப்படித்தானுங்க. அதுலயும் ஒரு கொடுமை பாருங்க. தோட்டத்து வேலைக்காரங்க லைன் வீடுகள்ல பாதிப் பேருக்குப் பிடிக்கல. பிள்ளையப் பறிகொடுத்தவ எதுக்குக் காத்திருப்பா? பங்களாக்காரங்களுக்கு ஒரே வாரத்துல பிடிச்சுக்குது. அடுத்த வருஷம் எந்த ஊருக்குப் போறது, எந்தச் செடி வைக்கறதுன்னு அவங்களுக்குத்தான் நெறைய இருக்கு.”

இந்தப் பங்களாவைத் தவிர, என்று அவள் சொல்லவில்லை. கேட்டின் மேல் இருந்த சிறு விளக்கை அண்ணாந்து பார்த்தாள். அது மஞ்சளாக எரிந்தது.

அந்த விளக்கு அந்த ஆண்டு மலையில் எல்லா வீட்டு வாசலிலும் பொருத்தப்பட்டிருந்தது. ஊசி போட்டுக்கொண்ட வீட்டில் மஞ்சள் எரியும். வீட்டிலுள்ள எல்லோருக்கும் பிடித்துவிட்டால் பச்சையாகும். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அவகாசம். அதற்குள் பிடிக்காதவர்களை அடிவாரத்து விடுதிக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அடுத்த மருந்து வருவது அடுத்த தை மாதம். அதுவரை அங்கேதான். அழைத்துப் போனவர்களில் பலர் அடுத்த தையைப் பார்க்கவில்லை. காய்ச்சல் வந்து இறந்தவர்கள் பாதி. மீதிப் பேருக்கு என்ன வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. சாப்பிடுவதை மறந்துவிட்டார்கள் என்று ரெஜினா ஒருமுறை சொல்லியிருந்தாள்.

பச்சை விளக்கு வந்த பிறகு மனிதர்களும் மாறிவிட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் வாசல் விளக்கைத்தான் பார்த்தார்கள். எதிர்பார்க்கக் கற்றுக்கொடுக்கிறோம் என்று சேலத்தில் வகுப்புகள் நடந்தன. மூன்று ஆண்டுகளாக ஒரு கப்பலும் நகரவில்லை. ஆனாலும் வருங்காலக் கப்பல் பயணங்களுக்கு இடம் கிடைக்காமல் ஜனங்கள் அலைந்தார்கள். கடல் பக்கமே போகாதவர்கள்கூட அலமாரியைத் திறந்து, கப்பலில் போட்டுக்கொள்ள எந்தச் சட்டை என்று பார்த்தார்கள். பக்கத்து பங்களா தனபாலுக்கு ஐந்தாம் நாளே பச்சை. ஓய்வு பெற்ற எஞ்சினியர். தினமும் காலை நடையில் இந்த வாசலுக்கு வந்ததும் அவர் கால் தானாக நின்றுவிடும்.

“என்ன மிட்டாதாரே, இன்னும் மஞ்சள்தானா? எங்க வீட்டு நாய்க்குப் போட்டிருந்தாக்கூடப் பிடிச்சிருக்கும் போல. காலைல பிஸ்கட்டுக்கு என்னமாக் காத்திருக்குது.”

அதற்குப் பதில் சொல்வது தமக்குக் குறைவு என்று வேதாசலம் நினைத்தார்.

ஊசி போட்டபோது ஒவ்வொருவர் கையிலும் கட்டிய வளையத்தைப் பார்த்து யாருக்கு என்ன என்று தெரிந்துகொள்ள முடியாது. முதலில் செய்த வளையங்களில் நிறம் தெரியும்படி வைத்திருந்தார்கள். பிடிக்கவில்லை என்று தெரிந்த மாத்திரத்தில் இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. ஆகவே இப்போது வளையங்கள் ஊமை. நர்ஸ் கையிலுள்ள கருவிக்கு மட்டும்தான் அவை பேசும்.

ரெஜினா குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கொல்லைப் பக்கம் போய் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் உள்ளே வந்தார். கொல்லையில் அவளும் குமுதவல்லியும் பேசிக்கொண்டிருந்தது சற்று நேரம் கேட்டது. பெண்கள் பேச்சு. அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

அன்று மாலையிலிருந்தே அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் விட்டோம் என்றுதான் ஆச்சரியம். குமுதவல்லி தலையில் பூ வைத்துக்கொள்ளவில்லை. காப்பியை ஆற விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சமையல் என்று கேட்டால், ஏதோ ஒண்ணு என்றாள். ஐம்பது ஆண்டு இல்லறத்தில் அவள் ஒருபோதும் ஏதோ ஒன்றைச் சமைத்ததில்லை.

அவளிடம் எதையும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தார். சொன்னால் இன்னும் உடைந்துபோவாள். மிட்டாதார் வீட்டுப் பெண்ணை ஒரு வேனில் ஏற்றி அடிவாரத்துக்குக் கொண்டுபோவதை ஊர் பார்க்கக் கூடாது. அதற்கு வேண்டியதைத் தாமே செய்துவிட வேண்டும். வழக்கு நடத்தியதைப் போல, பழைய வரிப் பிரச்சினையைத் தீர்த்ததைப் போல இதையும் ஒரு காரியமாக எடுத்துக்கொண்டார். அவருக்குத் துயரமாக இல்லை. பயமாகவும் இல்லை. ஒரு வேலை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் சாப்பாடு. அந்த வீட்டில் அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் சாப்பிடுவாள். வெள்ளித் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு அவர் எழுந்துவிடுவார். தட்டு எங்கே போகிறது, யார் தேய்க்கிறார்கள் என்பதெல்லாம் அவர் அறியாத உலகம். இப்போது அவள் சாப்பிடுகிறாளா என்று பார்க்க வேண்டும்.

“உக்காரு,” என்றார் எதிர் நாற்காலியைக் காட்டி.

குமுதவல்லி நாற்காலியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “எங்கீங்க, இங்கயா?”

“வேற எங்க?”

அவள் விளிம்பில் உட்கார்ந்தாள். இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றாள். அவர் எழுந்ததும் சமையலறையில் பாத்திரம் திறந்து மூடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. சாப்பாடு மிஞ்சிவிட்டது போலிருக்கிறது, ஒழிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்தது தோட்டம். ஊசியோடு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துணிப்பை கொடுத்திருந்தார்கள். உள்ளே டேலியா கிழங்குகள். நட்டால் சித்திரையில் பூக்கும். காத்திருப்பதற்கு ஏதாவது வேண்டுமே என்பதற்காக. பை ஸ்டோர் ரூமில் ஒரு மூலையில் கிடந்தது. தோட்டக்காரன் சின்னான் இருந்திருந்தால் அவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். போன வருஷம் அவனுக்கு ஊசி பிடிக்காமல் அழைத்துப் போய்விட்டார்கள். அவன் எப்படி இருக்கிறான் என்று வேதாசலம் கேட்டதில்லை. கேட்காமல் விட்டோம் என்பதுகூட மண்வெட்டியைக் கையில் எடுத்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

அவர் ஆயுளில் மண்ணைத் தொட்டதில்லை. ஆகவே தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன் விடியற்காலையில், வீட்டுக்குப் பின்புறம், முதல் குழியைத் தோண்டினார். இரண்டாம் குழியில் மூச்சு வாங்கியது. குமுதவல்லி ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதே நல்ல அடையாளம் என்று எண்ணி அவர் மேலும் தோண்டினார்.

“இந்த இடம் சரியா இருக்குமா?”

“எங்க வச்சாலும் ஒண்ணுதானுங்க.”

“வெயில் வருமில்ல?”

“வந்தா என்ன, வராட்டி என்ன.” பிறகு, வேறெங்கோ பார்த்தபடி, “கிழங்கைத் தலைகீழா வைக்கறீங்க,” என்றாள்.

அவர் திருப்பி வைத்தார்.

“பின்னாடி வச்சுட்டுப் பூத்தா மட்டும் யாரு பாக்கப் போறா. வீட்டுக்கு வர்றவங்க முன்னாடிதான வருவாங்க. வர்றதுக்குத்தான் யாரு இருக்கா.”

கடைசி வாக்கியத்தை அவள் உணர்ச்சியே இல்லாமல் சொன்னாள். அவரும் உணர்ச்சியில்லாமல்தான் கேட்டார். ஆனால் யாரைச் சொல்கிறாள் என்று தெரிந்தது. மீதிக் கிழங்குகளை முன்வாசலுக்குக் கொண்டுபோய், தெருவில் போகிற வருகிறவர்கள் பார்க்க, குனிந்து நட்டார். தனபால் அன்று வாசலில் நின்றார். அவருடைய குனிந்த முதுகைப் பார்த்துவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போனார்.

மகனுக்குத் தம் அப்பாவின் பெயரை வைத்திருந்தார் வேதாசலம். ரங்கபூபதி. மாமனார் பெயரைச் சொல்லக் கூடாதென்பதால் குமுதவல்லி பிள்ளையைச் சின்ன வயதிலிருந்து ராசு என்றுதான் கூப்பிட்டாள். அவனைச் சட்டம் படிக்க வைத்தார்கள். அவன் பாதியில் விட்டுவிட்டுக் கப்பலில் வேலைக்குப் போனான். நீலாம்பரி என்ற உல்லாசக் கப்பல். சென்னையிலிருந்து அந்தமான், பினாங்கு என்று போய்வரும். அதில் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் வேலை. அந்தக் காலத்தில் யாரோ அந்தக் கப்பலில் போய்வந்து, படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட மகன், இரண்டு கையிலும் எச்சில் தட்டுகள். சட்டையில், நெஞ்சுக்கு நேராக, பித்தளையில் பெயர் எழுதிக் குத்தியிருந்தது. ரங்கபூபதி.

வேலையைக்கூட அவர் பொறுத்திருப்பார். பெயரைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கப்பா பேரை நெஞ்சுல குத்திக்கிட்டு ஊரான் எச்சிலை எடுக்கறவன் இந்த வாசல்ல கால் வைக்கக் கூடாது என்றார். அவன் வைக்கவில்லை. பதினோரு ஆண்டுகள். குமுதவல்லி அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதை அவள் தம் சொல்லுக்குக் கொடுத்த மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார். ஞாயிறு மாலையில் பிள்ளையார் கோயிலுக்குப் போய் நெடுநேரம் இருந்துவிட்டு வருவாள். அந்த வழக்கத்தை இந்தச் சோர்விலும் அவள் விடவில்லை. பக்தி ஒன்றாவது மிச்சமிருக்கிறதே என்று அவர் ஆறுதல் பட்டுக்கொண்டார்.

டேலியா முளைக்கவில்லை. தினமும் எழுந்ததும் முதலில் அங்கேதான் போய்ப் பார்த்தார். அவளிடம் சொல்வதற்கு ஏதாவது வேண்டுமே என்பதற்காக. ஒரு நாள் முள்ளம்பன்றி வந்து இரண்டு கிழங்குகளைத் தோண்டித் தின்றுவிட்டுப் போயிருந்தது. அவர் முள்கிளைகளை வெட்டி வந்து சுற்றிலும் வைத்தார். உள்ளங்கையில் ரத்தம் வந்தது. அதைக் கழுவிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து குமுதவல்லியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே ஏதோ குரங்கு செய்த சேட்டை போலிருக்கிறது. அவர் உள்ளே நுழைந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. முகம் பழையபடி வாடியது. பரவாயில்லை, கொஞ்சம் தேறுகிறாள் என்று அவர் நினைத்தார்.

ஆனால் அடுத்த முறை வந்த ரெஜினா உதட்டைப் பிதுக்கினாள். “இன்னும் இல்லீங்க அய்யா. செடி வச்சது நல்லதுதான். அதை விடப் பெருசா ஒண்ணு வேணும். எதை நெனச்சா ஒடம்பு பதறுமோ, அது.”

அவருக்கு அது என்ன என்று தெரியும். தெரிந்திருந்தும் மூன்று நாள் ஈசி சேரில் சாய்ந்து கிடந்தார். மனைவியை விடுதிக்கு அனுப்புவது ஒரு பக்கம். மற்றொரு பக்கம், ஒரு கப்பலின் மேசையில் தாம் உட்கார்ந்திருக்க, தம் அப்பாவின் பெயரைப் போட்டுக்கொண்ட ஒருவன் வந்து குனிந்து என்ன வேண்டும் என்று கேட்பது. இரண்டையும் எடை போட்டுப் பார்த்தார். எதுவும் கனக்கவில்லை. தொட்டால் சில்லென்றிருக்கும் கல்லைப் போல இரண்டும் கிடந்தன. நான்காம் நாள் குமுதவல்லி கொல்லைக்குப் போயிருந்தபோது கப்பல் கம்பெனிக்குப் போன் செய்தார்.

பேசியது ஒரு பெண். குரலில் உற்சாகத்தைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். நீலாம்பரி இப்போதும் சென்னைக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்கிறது, ஆட்கள் எல்லோரும் அதிலேயேதான் இருக்கிறார்கள், வேலை மறந்துவிடக் கூடாதென்று தினமும் எல்லா மேசையிலும் தட்டு வைத்து எடுக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். யாரும் சாப்பிடாத தட்டுகள். அடுத்த மார்கழியில் கட்டாயம் கிளம்பும். போன வருஷமும் இதையேதான் சொன்னார்கள் என்று அவர் நினைத்தார், சொல்லவில்லை. இரண்டு பேருக்குப் பதிவு செய்தார்.

“சாப்பாட்டு மேசையில ஏதாவது விருப்பம் இருக்குங்களா சார்? ஜன்னல் ஓரம், மேடை பக்கம்?”

“பரிமாற ஒரு ஆளு வேணும்.”

“எல்லா மேசைக்கும் ஆள் இருப்பாங்க சார்.”

“குறிப்பிட்ட ஆளு.” தம் அப்பாவின் பெயரை அய்யா என்ற ஒட்டு இல்லாமல் அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. “ரங்கபூபதின்னு ஒருத்தன்.”

“ஓ, பூபதி அண்ணனா? அவரை எல்லாரும் கேப்பாங்க சார். உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

சுவரில் அவருடைய அப்பாவின் படம் இருந்தது. தலைப்பாகை, கைத்தடி, நேர்ப் பார்வை. அதைப் பார்க்காமல் இருக்க அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“என் மகன்.”

போனை அதன் இடத்தில் வைக்க மூன்று முறை முயல வேண்டியிருந்தது. சர்க்கரை குறைந்திருக்கும் என்று நினைத்துக் கொஞ்சம் வெல்லம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகுதான் தமக்குச் சர்க்கரை இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது, பார்வையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, மார்கழியில் கப்பலில் போகிறோம் என்றார். எந்தக் கப்பல் என்று அவள் கேட்டாள். பெயரைச் சொன்னார். அவர் நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இத்தனை நாள் பார்த்த சோர்வு இல்லை. வேறு ஏதோ இருந்தது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணே போன் செய்தாள். மேசை முடிவாகிவிட்டது, ஜன்னல் ஓரம். பூபதி அண்ணன் ஒரு சேதி சொல்லச் சொன்னார், அப்படியே சொல்கிறேன் என்றாள்.

“அந்த மேசைக்கு வேற யாரும் வர மாட்டாங்க, நானேதான். அம்மாவுக்குக் கத்திரிக்காய் ஆகாது. அப்பாவுக்குச் சாப்பாட்டோட வெந்நீர் வேணும், ஆறக் கூடாது. எனக்கு ஞாபகம் இருக்குன்னு சொல்லுங்க. அவ்வளவுதான் சார்.”

அவர் நன்றி சொல்லிவிட்டு வைத்தார். பிறகு அந்த வீட்டில் இதுவரை இல்லாத காரியங்கள் நடந்தன. அவர் வராந்தாவில் முன்னும் பின்னும் நடந்தார். நடக்கும்போது, அவன் வெந்நீரை எந்தப் பக்கம் வைப்பான், வலப்பக்கமா இடப்பக்கமா என்று ஒரு யோசனை வந்தது. கப்பல் ஆடும்போது தளும்பாதா? தளும்பாமல் கொண்டுவரத் தெரிந்திருக்கும், பதினோரு வருஷம் ஆயிற்றே. நாற்பது வயதுக்காரனுக்கு முடி நரைத்திருக்குமா? அவர் அப்பாவுக்கு நாற்பதிலேயே நரைத்துவிட்டது. இந்த யோசனைகள் எல்லாம் குமுதவல்லிக்காகத்தான், அவளிடம் பேச்சுக் கொடுக்க உதவும் என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார். மறுநாள் டேலியா முளைவிட்டிருந்தது. அதைச் சொல்ல அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் போய்விட்டார்.

“மூணு முளை வந்திருக்கு.”

“அப்படிங்களா,” என்றாள் அவள் சோர்வாக. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பங்குனி பாதியில் மண்டலம் முடிந்தது. செடிகள் முழங்கால் உயரம் வந்திருந்தன. ஒன்றில் மட்டும் பட்டாணி அளவில் ஒரு மொட்டு. விடுதி வேன் மேல்தெருவில் இரண்டு வீடுகளில் நின்று இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கியதை வேதாசலம் கேட்டுக்கு உள்ளே நின்று பார்த்தார். ஏறியவர்கள் அழவில்லை. அழாததுதான் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அவர்கள் முகம் எங்கோ பார்த்த முகமாகத் தெரிந்தது. தம்பி செத்த அன்று குளித்துவிட்டு வந்து தலை சீவும்போது கண்ணாடியில் பார்த்த முகம்.

பின்னாலேயே ரெஜினா வந்தாள். அவரையும் கையை நீட்டச் சொல்லிக் கருவியை வைத்தாள். கொல்லைப் பக்கம் போய்விட்டு வந்தாள். வந்தவள் கேட்டின் மேல் கை வைத்து ஏதோ செய்தாள். விளக்கு பச்சையானது.

“பிடிச்சிருச்சுங்க அய்யா. போன வாரமே கொஞ்சம் தெரிஞ்சுது. உறுதியாகட்டும்னு இருந்தேன்.”

“எனக்குத் தெரியும்,” என்றார் அவர். “அவ முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுது. கப்பல்னு சொன்னதுல இருந்து ஒரு மாதிரி...”

ரெஜினா அவரை விநோதமாகப் பார்த்தாள். இனிச் சொன்னால் கெடுதல் இல்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“அம்மாவுக்கு மொதல் வாரத்துலயே பிடிச்சிருச்சுங்களே. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கோயில்ல இருந்து போன்ல பையன்கிட்டப் பேசுவாங்களாமே. வாரம் பூரா அதுக்குத்தான் காத்திருப்பேன்னு சொன்னாங்க. அப்புறம் பிடிக்காம என்ன?”

அவர் கை உயரவில்லை.

“பிடிக்காதது உங்களுக்குன்னு நான் அன்னிக்கே சொல்ல வந்தேனுங்க. நீங்க நிறுத்திட்டீங்க. அம்மாகிட்டப் போய்ச் சொன்னேன். அவருக்குன்னு தெரிஞ்சா அவரு எதுவும் செய்ய மாட்டாரு, எனக்குன்னே நெனச்சுக்கட்டும், நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க.”

தெருவில் தனபால் நாயோடு வந்துகொண்டிருந்தார். பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு, வாழ்த்துகள் என்று தொலைவிலிருந்தே சொன்னார். வேதாசலம் தலையசைத்தார். உடம்பில் எங்கோ ஓரிடம், வெகுகாலம் மடக்கி வைத்திருந்த காலை நீட்டியதைப் போலக் குத்தியது. வலிதான். ஆனால் எங்கே என்று தெரிந்தது.

ரெஜினா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“சின்னான் இருக்கானா?” என்று கேட்டார் அவர்.

“எந்தச் சின்னான்? உங்க தோட்டக்காரரா? இருக்காருங்க. இந்தத் தையிலயும் பிடிக்கல. இருக்காருன்னு சொல்லலாம்.”

“பூத்து முடிஞ்சு அடுத்த தையில இந்தக் கிழங்கைத் தோண்டி எடுத்து வைக்கணுமாமே. எப்படி எடுக்கறது, எதுல வைக்கறதுன்னு எனக்குத் தெரியாது. அவன் வந்துதான் செய்யணும், நான் ஒருத்தரையும் தொட விட மாட்டேன்னு அவன்கிட்டச் சொல்லு.” சற்று யோசித்தார். “சொல்ல வேண்டாம். நானே போன்ல பேசறேன். எப்பப் பேசலாம்னு கேட்டுச் சொல்லு.”

அவள் போன பிறகும் அவர் சற்று நேரம் மொட்டின் அருகே நின்றார். உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகக் குமுதவல்லி தெரிந்தாள். தலையில் பூ இருந்தது. அவர் காலடி கேட்டதும் கையைத் தலைக்குக் கொண்டுபோய், எடுப்பதா வேண்டாமா என்று தயங்கி, அப்படியே விட்டுவிட்டாள்.

அவர் தம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“உனக்குப் பிடிச்சிருச்சாம்,” என்றார்.

குமுதவல்லி அவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். ஐம்பது ஆண்டுகளில் அவர்கள் இருவரும் இவ்வளவு நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்ததில்லை.

“அப்படிங்களா,” என்றாள் அவள். “நல்லதாப் போச்சு.”

இருவரும் சாப்பிட்டார்கள். அவள் நன்றாகவே சாப்பிட்டாள். இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொண்டாள். சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல அவருக்கு முன்னால் சொம்பில் தண்ணீர் வைத்தாள். அவர் தட்டில் கை கழுவவில்லை. எழுந்து நின்றார். தம் தட்டை எடுத்து இடக்கையில் வைத்துக்கொண்டார். பிறகு மேசையைச் சுற்றி வந்து, எச்சிலோடு இருந்த அவளுடைய தட்டை வலக்கையில் எடுத்தார். இரண்டு கையிலும் தட்டுகளோடு நின்றபோது, சுவரிலிருந்து தலைப்பாகைக்காரர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குமுதவல்லி பதறி எழுந்தாள். “என்னங்க இது? கொடுங்க இப்படி.”

“இரு,” என்றார் அவர். “எவ்வளவு கனம்னு பாக்கறேன்.”

சிந்தாமல், மெதுவாக, சமையலறையை நோக்கி நடந்தார்.